தூண்டில் போடும் முன் ஏரித் தண்ணீரைப் பார்ப்பது எப்படி

சின்ன ஏரியில் தூண்டில் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு ஒன்றுதான். வண்டியை நிறுத்தியதும் நேராகக் கரையேறி, நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்து உட்கார்ந்து, இரையைக் கோத்துப் போட்டுவிடுவார்கள். மீன் கடிக்கவில்லை என்றால் இரை சரியில்லை, முள் பெரிசு, இன்றைக்கு அமாவாசை என்று ஏதாவது ஒரு காரணம் வரும். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு சித்திரை மாதம். முந்தின இரண்டு நாளும் மூட்டமாக இருந்து, ராத்திரி இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போயிருந்தது. விடிகாலை ஐந்தரைக்குப் போனால் ஏரி முழுக்க மீன் மேலே நிற்கிறது. கட்லா, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும், வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, கைக்கு எட்டுகிற தூரத்தில். எனக்குக் கை நடுங்கிவிட்டது. தவிட்டு உருண்டையைப் போட்டேன், மூக்குக்கு முன்னாலேயே விழுந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்புழு, மைதா, பையில் கிடந்த பரோட்டாத் துண்டு வரைக்கும் போட்டுப் பார்த்தாயிற்று. மதகுப் பக்கமாக மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தம்பி, அது மேயல. மூச்சு வாங்குது. இதுல போய்த் தூண்டில் போடுறியே" என்றார். அன்றைக்கு மத்தியானமே கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதக்க ஆரம்பித்துவிட்டது.

அதற்கப்புறம்தான் தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும். மீன் எங்கே நிற்கும் என்று சொல்கிற அதே அடையாளங்கள்தான் அந்த மீனைச் சாப்பிடலாமா வேண்டாமா என்பதையும் சொல்லும், அதனால் இது ஒரே வேலை.

நான் சொல்லப்போவது மதுராந்தகம், வீராணம் மாதிரிப் பெரிய ஏரிகளுக்கு இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஊருக்கு ஒன்றாக இருக்கிற, ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி வைகாசிக்குள் குட்டையாகிவிடுகிற, மழையை நம்பின சின்ன ஏரிகளுக்கு. தெற்கே கண்மாய் என்பார்கள், கணக்கு அதேதான்.

முதலில் யாரைக் கேட்பது

100 ஏக்கருக்குக் குறைவாக ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறுகிற நிலம், உள்ள ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. இரண்டிலுமே மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கிற உரிமையை, ஏலம் விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டிருப்பார், கட்லாவும் ரோகுவும் மிர்காலும் தேங்கின ஏரித் தண்ணீரில் தானாக இனப்பெருக்கம் செய்யாது, அதற்கு ஆற்று ஓட்டம் வேண்டும். ஆக ஏரியில் இருக்கிற கட்லா யாரோ காசு கொடுத்து விட்டது. கரையில் டீக்கடை இருந்தால் அங்கே கேட்டாலே யார் எடுத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும், "அண்ணே, ஒரு தூண்டில் மட்டும் போட்டுக்கவா" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் போட்டால் வருகிற வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. கேட்கிற சாக்கில் அவரிடமே தண்ணீரைப் பற்றியும் விசாரித்துவிடுங்கள். போன வாரம் மீன் செத்ததா, புண்ணாக்கு போட்டாரா, சாணி கரைத்து விட்டாரா, மேல் ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறதா. எந்தக் கருவியும் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

மீன் ஏன் மேலே வந்து நிற்கிறது

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீர் சூடானால் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிற சக்தி குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் வரை கரைத்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் ஏழரைதான். அதுவும் காற்றோடு நன்றாகக் கலந்த தண்ணீருக்கான கணக்கு. நம் ஊர் ஏரி சித்திரையில் மத்தியானம் மேல்மட்டத்தில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை அதிகமாகும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது.

இதில் பாசி வேறு. பச்சையாகத் தெரிகிற ஏரியில் கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்கில் மிதக்கிறது. வெயில் இருக்கிற வரைக்கும் அது ஆக்சிஜனை வெளியே விடும், சாயங்காலம் மூன்று நான்கு மணிக்கு ஏரியில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். மீனும் எடுக்கும், அடியில் மக்குகிற இலைதழையும் எடுக்கும். விடிவதற்குச் சற்று முன்னால் ஏரி கிட்டத்தட்டக் காலி. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் பகலில் வரவு இல்லை, ராத்திரி செலவு மட்டும் குறையவே குறையாது. அதன் மேல் ஒரு கோடை மழை பெய்து, குளிர்ந்த தண்ணீர் கனமாக இருப்பதால் அடிக்குப் போய், அடியில் இருந்த ஆக்சிஜனே இல்லாத கறுப்புத் தண்ணீரைக் கலக்கி மேலே கொண்டு வந்தால் முடிந்தது கதை. நான் சொன்னேனே, அந்தச் சித்திரை மாதக் காலை, அன்றைக்கு நடந்தது இதேதான்.

இதிலிருந்து தூண்டில்காரனுக்குக் கிடைக்கிற முதல் பாடம், விடியற்காலை எப்போதும் நல்ல நேரம் இல்லை. தெளிவான, அடியில் வேலம்பாசி அளவாக இருக்கிற ஏரியில், தை மாசியில், விடிகாலை அருமை. ஆனால் பச்சைப் பசேல் என்று இருக்கிற கோடைக்கால ஏரியில் நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போவது வீண். வெயில் தண்ணீர் மேல் விழுந்து இரண்டு மணி நேரமாவது ஆகட்டும், எட்டு மணிக்குப் போங்கள், இல்லை சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போங்கள். மார்கழியில் இன்னொரு காரணத்துக்காக இதே கணக்கு வரும், ராத்திரிக் குளிரில் மீன் மந்தமாகிவிடும், ஒன்பது மணி வரைக்கும் அசையாது.

மேய்கிற மீனையும் மூச்சுக்குத் தவிக்கிற மீனையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மேய்கிற மீன் துள்ளும், வட்டம் விடும், உடனே உள்ளே போய்விடும், நீங்கள் கை தட்டினால் மறைந்துவிடும். தவிக்கிற மீன் ஒரே இடத்தில் நிற்கும், வாய் மேல்பரப்பில் ஒட்டினாற்போல இருக்கும், சத்தம் போட்டாலும் மெதுவாகத்தான் நகரும், நகர்ந்து மறுபடி மேலே வரும். சின்ன இறால் கரையோரமாக ஏறி ஒதுங்கி நிற்பதும் அதே அறிகுறிதான். அப்படிப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு ஏலம் எடுத்தவருக்குப் போன் போடுங்கள். பம்ப் செட் வைத்துத் தண்ணீரை வாரி இறைத்தால் கொஞ்சமாவது காப்பாற்றலாம்.

ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டு

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற கருவி ஒன்று உண்டு, செக்கி தட்டு. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் ஆராய்ச்சியும் செய்தவர், 1865இல் கடலில் செய்து பார்த்தது. ஏரிக்குப் பயன்படுத்துவது 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு, நான்கு கால் பாகமாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி வண்ணம் அடித்திருக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டாம். வீட்டில் நசுங்கிப் போன எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கும், அம்மாவைக் கேட்டுவிட்டு எடுங்கள், நான் கேட்காமல் எடுத்தது இன்றைக்கும் பேச்சில் வருகிறது. நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு, மேல் பக்கம் இரண்டு எனாமல் வண்ணத்தையும் அடித்து, கீழே பெரிய நட்டு ஒன்று கட்டினால் தட்டு சாயாமல் இறங்கும். கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு.

வெயில் நேரத்தில், உங்கள் நிழல் விழுகிற பக்கமாக, மெதுவாக இறக்குங்கள். தட்டு மறைகிற இடத்தில் முடிச்சை எண்ணுங்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே தூக்குங்கள், திரும்பத் தெரிகிற இடத்தில் மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் அளவு. பச்சைத் தண்ணீரில் 30 முதல் 40 சென்டிமீட்டர் வந்தால் கட்லா, ரோகு, மிர்கால் மாதிரிக் கெண்டை வகைகளுக்கு நல்ல தண்ணீர், சாப்பாடு நிறைய, மூச்சுக்கும் பஞ்சம் இல்லை. 20க்குக் கீழே போனால் பாசி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், ராத்திரி ஆக்சிஜன் விழும், காலையில் கடிக்காது. ஒரு மீட்டருக்கு மேல் தெரிந்தால் அழகாக இருக்கும், ஆனால் மீனுக்கு உங்களையும் தெரியும். மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன முள், கரையிலிருந்து நான்கடி பின்னால் உட்காருவது என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

தட்டு செய்யச் சோம்பல் என்றால் மீன் வளர்க்கிறவர்கள் செய்கிற மாதிரி கையை முழங்கை வரைக்கும் விடுங்கள். முழங்கை நனைகிற நேரத்தில் உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான அளவு. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே விரல் தெரியவில்லை என்றால் மிஞ்சிவிட்டது.

இந்தக் கணக்கு பச்சைத் தண்ணீருக்குத்தான், சேற்றுக்கு இல்லை. மழைக்குப் பிறகு டீ மாதிரி இருக்கிற தண்ணீரிலும் தட்டு 15 சென்டிமீட்டரில் மறையும், அதற்குக் காரணம் மண். இரண்டையும் பிரிக்க ஒரு பழைய தண்ணீர் பாட்டில் போதும். நிரப்பி வீட்டுக்கு எடுத்துப்போய் ஆடாமல் அசையாமல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் சேறு. படியவே இல்லை என்றால் களிமண், அது மாதக்கணக்கில் கலங்கலாகவே இருக்கும். பச்சையாக மேலே ஏடு மாதிரித் திரண்டு நின்றால் அது நீலப்பச்சைப் பாசி, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நீலப்பச்சைப் பாசி என்பது உண்மையில் பாசியே இல்லை, பாக்டீரியா. ஏரியில் காற்று தள்ளிக்கொண்டு போய் அலை மோதுகிற பக்கத்துக் கரையில் யாரோ பச்சைப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்ட மாதிரி ஒதுங்கியிருக்கும். குச்சியை விட்டு எடுத்தால் குச்சி பெயிண்ட் அடித்த மாதிரி வரும். குச்சியில் நூல் நூலாகத் தொங்கினால் அது சாதாரண நூல்பாசி, பயம் இல்லை. பெயிண்ட் மாதிரி இருப்பதில் சில வகை விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. அந்த ஏரியில் கால் நனைக்காதீர்கள், கூட வந்த நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீனை விட்டுவிடுங்கள்.

கருவிகள், அதிலும் அந்த டி.டி.எஸ். மீட்டர்

வீட்டில் ஆர்.ஓ. தண்ணீருக்கு வாங்கின டி.டி.எஸ். பேனாவை எடுத்துக்கொண்டு வந்து ஏரியில் முக்கி, "350தான் காட்டுது, சூப்பர் தண்ணி" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைத்தான் சொல்லும். ஆக்சிஜன் பூஜ்யமாக இருந்தாலும் 350தான் காட்டும், பூச்சிமருந்து கலந்திருந்தாலும் 350தான். ஆனால் அதைக் குப்பையில் போட வேண்டாம், ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. ஏரியைச் சுற்றி நான்கைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வந்து, ஒரு கால்வாய் வந்து சேருகிற இடத்தில் மட்டும் எண் திடீரென்று எகிறினால் அந்தக் கால்வாய் வழியாகச் சாக்கடையோ பட்டறைக் கழிவோ வருகிறது என்று சந்தேகப்படலாம்.

உண்மையிலேயே காசு செலவழிக்க வேண்டும் என்றால் மீன் தொட்டிக் கடைகளில் சொட்டு மருந்து மாதிரி விற்கிற சோதனை டப்பாக்களை வாங்குங்கள், சென்னையில் இருக்கிறவர்கள் கொளத்தூர் பக்கம் போனால் கடை கடையாக விசாரிக்கலாம். பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை), அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன், இந்த மூன்று போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை வகை பிரித்ததில் மீன் வளர்ப்புக்கானது 'டி' வகை: பி.எச். 6.5 முதல் 8.5க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், தனி அம்மோனியா நைட்ரஜன் கணக்கில் 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல். என் அனுபவத்தில் ஆக்சிஜன் 5க்கு மேல் இருந்தால்தான் கெண்டை உற்சாகமாக இரை எடுக்கும், 3க்குக் கீழே இறங்கினால் உயிரோடு இருப்பதே அதற்குப் பெரிய வேலை.

எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பி.எச். காலையில் 7.5 இருந்த அதே ஏரி சாயங்காலம் 9 காட்டும், பாசி பகல் முழுக்கக் கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால். பி.எச். ஏற ஏற, சூடு ஏற ஏற, இருக்கிற அம்மோனியாவின் விஷத்தன்மையும் ஏறும். அதனால் ஆக்சிஜனைக் காலை ஆறு மணிக்குப் பாருங்கள், அம்மோனியாவையும் பி.எச்.சையும் சாயங்காலம் பாருங்கள். ஒவ்வொன்றையும் அது மோசமாக இருக்கிற நேரத்தில் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

மூக்கு, கால், பறவை

கருவி இல்லாமலும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் உள்ளே வருகிற கால்வாயை ஒரு நடை போய்ப் பாருங்கள். நம் ஏரிகள் தனித்தனியாக இல்லை, சங்கிலி மாதிரி, மேல் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்கு வரும். மேலே இருக்கிற ஊர் சின்ன நகரமாக மாறியிருந்தால் அதன் சாக்கடை கீழ் ஏரிக்குத்தான் வந்து சேரும். கால்வாய் ஓரத்துச் சேற்றைக் குச்சியால் கிளறுங்கள். பழுப்பாக, மண் வாசனையாக வந்தால் நல்லது. மை மாதிரிக் கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு குமிழி விட்டால் அங்கே ஆக்சிஜன் செத்து ரொம்ப நாள் ஆகிறது. சேற்றில் சிவப்பு நூல் மாதிரிப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் அதுவும் கழிவின் அடையாளம்தான்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. "சாக்கடைத் தண்ணின்னா மீன் எப்படி இருக்கும், இங்க பாரு எவ்ளோ மீன்" என்பார்கள். எந்த மீன் என்று பாருங்கள். விரால், தேளி, பனையேறி கெண்டை இதெல்லாம் மேலே வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கிற மீன்கள், தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை காற்றைச் சுவாசிக்காது, ஆனால் எந்தக் கஷ்டத்தையும் தாங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளர்க்கவே கூடாது என்று 2000இல் தடை போட்டும் ஏரி ஏரியாகக் கிடக்கிறது, அது எதையும் தின்று எதிலும் வாழும். இந்த நாலைந்து வகை மட்டுமே மாட்டுகிறது, கட்லா, ரோகு மாதிரி ஒரு கெண்டைக் குஞ்சுகூடக் காணோம் என்றால் அந்த மீன் கூட்டமே ஒரு எச்சரிக்கை. கட்லா, ரோகு, சேல் கெண்டை, சின்னச் சின்ன வெளிச்சி, கரையோர இறால் எல்லாம் கலந்து இருந்தால்தான் ஏரி நலமாக இருக்கிறது.

நீர்க்காகம் முங்கி முங்கி எழுகிற இடத்தில் பொடி மீன் இருக்கிறது, பொடி மீன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விரால் இருக்கும். மாடு எந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கிறது, எந்தப் பக்கம் குடிக்க மறுக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

எங்கே போடுவது

ஏரியின் ஆழம் எப்போதும் மண் போட்டுக் கட்டின கரையை ஒட்டி, மதகுப் பக்கம். எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பு, அது சரிவாக வந்து முழங்கால் தண்ணீரில் முடியும். வெயில் ஏறின பிறகு மீன் ஆழத்துக்கு வரும், காலை இளவெயிலிலும் சாயங்காலமும் ஆழமில்லாத பக்கம் மேயப் போகும். தண்ணீரில் ஒரு தெர்மாமீட்டரைக் கயிறு கட்டி விட்டுப் பாருங்கள், ஆழமில்லாத பக்கம் 33, மதகடியில் 29 என்று வித்தியாசம் தெரியும். கெண்டைகளுக்கு 25 முதல் 32 வரை சௌகரியம்.

காற்றைப் பாருங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்தால் கிழக்குக் கரையில் அலை மோதும், அலை மோதுகிற இடத்தில் காற்று கலந்து ஆக்சிஜன் கூடும், பூச்சியும் பாசியும் அங்கே ஒதுங்கும், மீனும் அங்கே வரும். முகத்தில் காற்று அடித்தால் தூண்டில் வீசக் கஷ்டம்தான், ஆனாலும் அங்கேதான் போட வேண்டும். வாடைக்காலத்தில் இது தலைகீழ், தென்மேற்குக் கரை. பெயிண்ட் பாசி ஒதுங்குவதும் இதே பக்கம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பச்சைத் தண்ணீர், தட்டு 35 சென்டிமீட்டர் என்றால் கட்லாதான் குறி. அதன் வாய் மேல் நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில் மேயும். தக்கையை இறக்கி, முள்ளுக்கும் தக்கைக்கும் நடுவில் இரண்டடி மட்டும் விட்டு, தவிடு, கடலைப்புண்ணாக்கு, கொஞ்சம் மைதா பிசைந்த உருண்டை. ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம், தக்கையை அதற்கேற்ப ஏற்றுங்கள். புண்ணாக்கைக் கூடை கூடையாகக் கொட்டி மீனை வரவழைக்கிற பழக்கம் வேண்டாம், தின்னாமல் மிஞ்சினது அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். சேற்றுத் தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியாது, மூக்குதான். மண்புழு, கோழிக்குடல், அடிமட்டத்தில் ஈயக்குண்டு கட்டிப் போட்டால் கெளுத்தி வரும். வெங்காயத்தாமரை மூடின இடத்தின் அடியில் வெளிச்சமும் இல்லை காற்றும் இல்லை, கெண்டை இருக்காது, ஆனால் அதன் விளிம்பில் விரால் காத்திருக்கும். தவளை மாதிரி ரப்பர் இரையை விளிம்பை ஒட்டி இழுங்கள்.

விராலில் ஒரு வேண்டுகோள். மேல்பரப்பில் செம்மஞ்சளாகப் பொடிக்குஞ்சு ஒரு பந்து மாதிரி சேர்ந்து சேர்ந்து போனால் அதன் கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு இருக்கிறது. இரையைப் போட்டால் பசிக்காக இல்லாமல் கோபத்தில் வந்து அடிக்கும், பிடிப்பது ரொம்பச் சுலபம். பிடித்தால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்குத் தீனி. விட்டுவிடுங்கள். முதல் மழையில் கால்வாயில் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிற, வயிற்றில் முட்டையோடு இருக்கிற மீனுக்கும் அதேதான்.

மண் எடுத்த பள்ளம் இருக்கிற ஏரியில் இறங்கவே வேண்டாம். முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழமாகிவிடும், மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலில் புண் இருந்தால் மழைக்காலத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. அறுந்த தங்கூசி நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொண்டு தொங்குவதை ஒரு தடவை பார்த்தால் அப்புறம் விட மாட்டீர்கள்.

செத்த மீன் கிடந்தால்

முதலில் என்ன செத்திருக்கிறது என்று பாருங்கள். பெரிய மீன் மட்டும், அதிலும் கட்லா முதலில், விடிகாலையில், வாய் திறந்தபடி செத்திருந்து பொடி மீன் உயிரோடு இருந்தால் அது ஆக்சிஜன் பஞ்சம். பெரிசு சிறிசு, இறால், தவளை, பாம்பு வரைக்கும் எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால், அதுவும் பகலில் நடந்திருந்தால், விஷம். பக்கத்து வயலில் மருந்து அடித்து மறுநாள் மழை பெய்திருக்கலாம், யாரோ கழிவு லாரியைத் திறந்துவிட்டிருக்கலாம், யாரோ மீன் பிடிக்கவே மருந்து கலந்திருக்கலாம். வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். போட்டோ எடுத்து, ஊராட்சித் தலைவருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்லுங்கள், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸில் வையுங்கள், அதிகாரி வருவதற்குள் ஏரி கழுவினாற்போல ஆகிவிடும். சும்மா கிடைக்கிறதே என்று அந்த மீனைச் சாக்கில் அள்ளுகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

தொழிற்சாலைக் கழிவு கலக்கிற ஏரி என்று தெரிந்தால் பிடித்து விளையாடிவிட்டு விட்டுவிடுங்கள், ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் மீன் உடம்பில் சேருவதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது, கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. மற்ற ஏரி மீனிலும் குடல், ஈரல், செவுள் மூன்றையும் எடுத்துப் போட்டுவிடுங்கள். செவுள் சிவப்பாக இருந்தால் போதும் என்று பார்க்காமல், பிடித்த நேரத்திலேயே பாருங்கள், செவுளில் சேறு அப்பியிருக்கிறதா, உடம்பில் புண் இருக்கிறதா, செதில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று.

அப்புறம் அந்த மண் வாடை. கோடைக்கால ஏரி மீனை வாயில் வைத்ததும் சேறு தின்றமாதிரி இருக்கும், வீட்டில் உடனே "இனிமே ஏரி மீன் வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். அது அழுக்கு இல்லை, ஜியோஸ்மின் என்ற ஒரு பொருள், நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் இருக்கிற சில பாக்டீரியாவும் உண்டாக்குவது, முதல் மழையில் மண் மணக்கிறதே, அந்த மணமும் இதேதான். மழையில் மணமாக இருப்பது மீனில் நாற்றமாகிவிடுகிறது. மீன் உயிரோடு இருந்தால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரை போடாமல் சில நாள் விட்டால் குறைந்துவிடும், விரால் என்றால் இது சுலபம், அண்டாவிலேயே இருக்கும், மேலே தட்டை வைத்துக் கல்லைத் தூக்கி வைக்க மறக்காதீர்கள். தொட்டி இல்லையென்றால் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவி, புளித்தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுப்புளி கரைத்துக் குழம்பு வையுங்கள். ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்துவிடும். ஏரி மீனை வறுக்காதே, குழம்பு வை என்று பாட்டி சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும், அவருக்குப் பெயர் தெரியாதே தவிர.